ஆர்டர் வந்த தேதி

அவெசானேடாவில் எங்கள் தையல்கூடம்,
ஜன்னலைத் திறந்தால் ஆறும் தோல் பதனிடும் நாற்றமும்.
பெரிய வியாழனன்று தாள் வந்தது:
ராணுவக் கோட்டு, நாலாயிரம், உள்ளே கம்பளி,
இருபது நாளில்.
மறுநாள் விடுமுறை ரத்து.

தீவில் கொடி ஏறி அப்போது ஆறு நாள்.

வெட்டு மேசையில், கத்தரியைக் கீழே வைக்காமல்
எவரிஸ்தோ சொன்னார்:
"தங்கப் போகிறவன் முதலில் சட்டை தைத்துக்கொள்வான்.
இவர்கள் போட்டோ எடுக்கப் போனவர்கள்."

இஸ்திரி போடும் அன்செல்மோ சும்மா இருப்பாரா?
"பிப்ரவரியிலேயே நாலாயிரம் கோட்டு கேட்டிருந்தால்
உன் வாயே அதை லண்டனுக்குச் சொல்லியிருக்கும்.
தாமதமில்லை அது, தந்திரம்."

ஒரே தாள். ஒரே தேதி.
அதை வைத்தே இருவரும் ஜெயித்தார்கள்.

பிறகு தினமும், மாத்தே தேநீர்க் கிண்ணம் கைமாறும்போதெல்லாம்
ஒரு காரணமும் கைமாறியது.
கடலடியில் எண்ணெய் என்றாள் சுலேமா,
அவள் மச்சான் எண்ணெய்க் கம்பெனியில் டிரைவர்.
கணவாய் மீன் என்றான் பட்டன் தைக்கும் பையன்.
யாரும் சிரிக்கவில்லை.
கடற்படைத் தளபதிக்கு ஒரு சிலை வேண்டும் என்றார் கணக்கர்,
கதவைச் சாத்திவிட்டு.
நூற்றைம்பது வருஷ அநியாயம் என்றார் அன்செல்மோ,
பள்ளி வரைபடத்தில் தவிர
அந்தத் தீவை எங்கும் பார்த்திராதவர்.
ஆனால் சொல்லும்போது குரல் உடைந்தது.
அது நடிப்பில்லை.

எவரிஸ்தோ சட்டையைத் தூக்கி முதுகைக் காட்டினார்.
செவ்வாய்க்கிழமை சதுக்கத்தில்
ரொட்டியும் வேலையும் கேட்டதற்கு விழுந்த தடி,
ஊதாவிலிருந்து மஞ்சளுக்கு மாறிக்கொண்டிருந்தது.
"வெள்ளிக்கிழமை அதே சதுக்கம், அதே பால்கனி.
வீக்கம் வடிவதற்குள் தேசம் ஒன்றாகிவிட்டதாம்.
காரணம் வேண்டுமா?
இங்கே தொட்டுப் பார்."

தெல்ஃபினா காஜா எடுப்பவள், அதிகம் பேசமாட்டாள்.
எழுபத்தேழில் அவள் தம்பியை
பஸ் நிறுத்தத்திலிருந்து ஏற்றிக்கொண்டு போனார்கள்.
நூலைப் பல்லால் கடித்துவிட்டுக் கேட்டாள்:
"ஒருத்தனை எங்கே கொண்டுபோனோம் என்று சொல்லாதவர்களா
எதற்காகப் போனோம் என்று சொல்லப்போகிறார்கள்?"

அதன்பின் அன்று இயந்திரச் சத்தம்தான்.

நான் சொல்லாத ஒன்று உண்டு.
வெள்ளிக்கிழமை நானும் அந்தச் சதுக்கத்தில் இருந்தேன்.
பையிலிருந்த சில்லறையைக் கொட்டிக் காகிதக் கொடி வாங்கினேன்.
தெல்ஃபினாவின் தம்பியை எனக்குத் தெரியும்,
ஒரு கல்யாணத்தில் என்னோடு ஆடி, என் செருப்பை மிதித்து அறுத்தவன்.
இருந்தும் அந்தப் பால்கனியைப் பார்த்துத்
தொண்டை கிழியக் கத்தினேன்.
ஏன்?
ஆறு வருஷமாய் வாய் மூடிக் கிடந்த ஊரில்
அன்றைக்குக் கத்த விட்டார்கள், அதனாலா?
முன்பின் தெரியாத ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள்,
அவள் உள்ளங்கை சூடாக இருந்தது, அதனாலா?
தீவுக்காகவேதானா?
அரசாங்கத்தின் மனசைத் தையல் தையலாகப் பிரித்துப் பார்க்கிறோம்.
என் மனசுக்குள் வைத்துத் தைத்த துணி
என்ன நிறமென்று எனக்கே தெரியவில்லை.

அளவுப் பட்டியல்:
பெரியது ஐந்நூறு, நடுத்தரம் ஆயிரம்,
மீதி அத்தனையும் சிறியது.
"பையன்கள்" என்றார் எவரிஸ்தோ.
அன்செல்மோ மறுக்கவில்லை.
வடக்கே, ஆரஞ்சு காய்க்கும் கொர்ரியெந்தெஸ் பக்கத்துப் பிள்ளைகள் என்று
லாரிக்காரன் சொன்னான்.
ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள்.
நாங்கள் கடலுக்கு அளந்தோம்.

ஜூலையில் எண்ணூறு கோட்டு திரும்பி வந்தது.
கட்டுப் பிரிக்கவில்லை,
நாங்கள் போட்ட முடிச்சு அப்படியே.
தெற்கில் ஏதோ கிடங்கில் கிடந்ததாம்.
கப்பல் இல்லை என்றார் ஒருவர்.
திருடி விற்க வைத்திருந்தார்கள் என்றார் இன்னொருவர்.
மறுபடி ஆரம்பித்தது.

அன்செல்மோ ஒரு கட்டை அறுத்து
மேலே இருந்ததை உதறி எடுத்தார்.
போட்டுப் பார்த்தார்.
தோளில் ஏறவில்லை.
பாதிக் கையோடு அப்படியே நின்றார்,
கழற்றவும் இல்லை.